இருமல் மருந்தில் விஷம்: யாரும் கையில் எடுக்காத உரைகல்

2025 அக்டோபர் 3. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சிறு பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருந்த நேரம். அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அங்கிருந்து எடுத்துச் சோதித்த மாதிரிகள் எதிலும் டைஎத்திலீன் கிளைக்காலோ எத்திலீன் கிளைக்காலோ இல்லை என்றது அந்த அறிக்கை. சிறுநீரகத்தை அழிக்கும் விஷங்கள் அவை இரண்டும்.

அன்றிரவே தமிழ்நாட்டிலிருந்து வேறொரு முடிவு டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் பார்மசூட்டிகல் நிறுவனம் தயாரித்த 'கோல்ட்ரிஃப்' சிரப்பின் எஸ்ஆர்-13 என்ற தொகுதியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருக்கிறது என்றது அது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம்தான். அதைப்போல் 486 மடங்கு.

இதை நம் வீட்டுக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். ஐந்து மில்லி கொள்ளும் ஒரு கரண்டி சிரப்பில் சுமார் இரண்டரை கிராம் விஷம். பிள்ளைக்கு இருமல் நிற்கட்டும் என்று ஒரு தாய் தன் கையால் ஊட்டியது இதைத்தான். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள்.

அதன் பிறகு நடந்தவற்றை நாம் செய்திகளில் பார்த்தோம். மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவர் கைது, நிறுவன உரிமையாளர் கைது, உரிமம் ரத்து, அரசியல் கட்சிகளின் பரஸ்பர குற்றச்சாட்டு. சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் முதல் நாளின் அந்தக் கேள்விக்கு யாரும் நின்று பதில் சொல்லவில்லை. ஒரு சோதனை 'இல்லை' என்கிறது, இன்னொன்று 'பாதிக்குப் பாதி விஷம்' என்கிறது. அப்படியானால் 'சோதிக்கப்பட்ட மருந்து' என்ற சொல்லுக்கு என்னதான் பொருள்?

இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டத் தேவையில்லை. எந்தச் சோதனையும் தன் மேசைக்கு வந்த புட்டியைப் பற்றி மட்டுமே பேசும். கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டின் பலவீனம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஆய்வகத்தில் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு குப்பியை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆய்வகத்தின் உரைகல்

நகை வாங்கப் போகிறோம். பழைய காலத்து ஆசாரி என்ன செய்வார்? கறுப்பு உரைகல்லில் நம் நகையை உரைப்பார். அதோடு விடமாட்டார். தன்னிடம் இருக்கும், மாற்று இன்னதென்று உறுதியாகத் தெரிந்த தங்கத்தையும் பக்கத்தில் உரைப்பார். இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தரம் சொல்வார். அந்தத் தெரிந்த தங்கம் இல்லாவிட்டால் உரைகல் வெறும் கல்தான்.

மருந்து ஆய்விலும் இதே முறைதான். ஒரு மருந்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல, அதே பொருளின் மிகத் தூய்மையான, தரம் உறுதிசெய்யப்பட்ட மாதிரி ஒன்று அருகில் இருக்க வேண்டும். இதை ஆய்வகத்தார் 'ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்ட்' என்கிறார்கள். நாம் ஒப்பீட்டுத் தரப்பொருள் என்று சொல்லலாம். சிறு குப்பியில் கொஞ்சமாகத்தான் வரும். கூடவே அது என்ன பொருள், எத்தனை சதவீதம் தூய்மை, எப்படிச் சேமிக்க வேண்டும் என்ற விவரங்களும் வரும்.

இந்தியாவில் இவற்றைத் தயாரித்து வழங்கும் பொறுப்பு காஸியாபாத்தில் உள்ள இந்திய ஃபார்மகோபியா ஆணையத்துக்கு உண்டு. நாட்டின் மருந்துத் தரநூலை வெளியிடுவதும் அதுவே. அமெரிக்காவில் யுஎஸ்பி, ஐரோப்பாவுக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள அமைப்பு என்று மற்ற இடங்களிலும் உண்டு. ஆய்வகங்கள் இந்த முதன்மைத் தரப்பொருளோடு ஒப்பிட்டுத் தங்கள் அன்றாடத் தேவைக்கு ஒரு மாதிரியைத் தயாரித்து வைத்துக்கொள்வதும் உண்டு. கடைத்தெரு எடைக்கற்களுக்கு அரசு முத்திரை இடுவது போன்ற ஏற்பாடு இது. ஒவ்வொரு கடைக்காரரின் கல்லும் கடைசியில் ஒரே தாய்க்கல்லோடு பொருந்த வேண்டும்.

சோதனை நடக்கும் விதம் இதுதான். கேஸ் குரோமட்டோகிராஃபி என்றொரு கருவி. அதனுள் பல மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய் சுருளாகக் கிடக்கும். சூடான அந்தக் குழாய்க்குள் துளி அளவு திரவத்தைச் செலுத்தினால் அதில் கலந்திருக்கும் பொருள்கள் ஆவியாகி, தனித்தனியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் அதற்கே உரிய நேரத்தில் மறுமுனையில் வெளிவரும். திரையில் மலை முகடு போல ஒரு கோடு எழும். ஆனால் அந்த முகட்டின் மேல் பொருளின் பெயர் எழுதியிருக்காது. எது எந்த நிமிடத்தில் வரும் என்று தெரிய, முதலில் தூய டைஎத்திலீன் கிளைக்காலைச் செலுத்திப் பார்க்க வேண்டும். அது வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு மருந்தைச் செலுத்த வேண்டும். அதே நேரத்தில் மருந்திலும் முகடு எழுந்தால் விஷம் இருக்கிறது. முகட்டின் பரப்பை ஒப்பிட்டால் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

விஷத்தைக் கண்டுபிடிக்க அதே விஷத்தின் தூய மாதிரி ஒன்று வேண்டியிருக்கிறது என்பது வினோதமாகத் தோன்றலாம். ஆனால் இதுதான் உண்மை. யுஎஸ்பி அமைப்பு டைஎத்திலீன் கிளைக்காலையே ஒரு தரப்பொருளாக ஆய்வகங்களுக்கு விற்கிறது. ஒரு மருந்து நிறுவனத்தின் அலமாரியில் அந்தக் குப்பி இருந்து, அது முறையாகப் பயன்படுத்தப்பட்டால், வீட்டு அலமாரியில் அந்த விஷம் இருக்காது.

ஏன் சாதாரணச் சோதனையில் தெரிவதில்லை?

கோல்ட்ரிஃப் சிரப்பின் லேபிளில் மூன்று மருந்துகளின் பெயர் இருந்தது. பாராசிட்டமால், ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமைன். தரம் பார்க்கும் ஒருவர் இந்த மூன்றின் தரப்பொருள்களை மட்டும் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் என்ன ஆகும்? லேபிளில் எழுதியபடியே மூன்றும் சரியான அளவில் இருக்கக்கூடும். 'தேர்ச்சி' என்று எழுதிவிடலாம். புட்டியில் பாதி விஷமாக இருந்தாலும் அந்தச் சோதனைக்கு அது தெரியாது. கேட்கவில்லை, சொல்லவில்லை.

மருந்துப் பொருளைக் கரைத்துச் சிரப்பாக்க ஒரு திரவம் தேவை. அதற்குப் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். மருந்துத் தரத்தில் இருந்தால் இவற்றால் ஆபத்தில்லை. டைஎத்திலீன் கிளைக்கால் இவற்றின் தூரத்து உறவு. நிறமில்லை, வாடையில்லை, நாவில் இனிக்கும், கொழகொழப்பாக இருக்கும். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. பிரேக் ஆயில், பெயிண்ட் போன்ற தொழில்களில் பயன்படுவது. விலையும் மலிவு. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை அமிலங்களாக மாற்றுகிறது. அந்த அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. வாந்தி, வயிற்று வலி, பிறகு சிறுநீர் நின்றுபோதல், கடைசியில் நரம்பு மண்டலமும் பாதிக்கப்படுதல் என்று முடிகிறது.

நம் குடும்பங்களில் சிரப் வாங்கும்போது கேட்கப்படும் கேள்விகளை நான் அறிவேன். இதில் ஆல்கஹால் இருக்கிறதா, கிளிசரின் எந்தக் கொழுப்பிலிருந்து எடுத்தது என்று கேட்டு வருகிறார்கள். கேட்பது நல்லதுதான். அதே கிளிசரினை யார் சோதித்தார், எதோடு ஒப்பிட்டார் என்பதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி என்பதே என் ஆதங்கம்.

தொண்ணூறு ஆண்டுகளாகத் தெரிந்த விஷம்

1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைட் என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து ஒரு நிறுவனம் விற்றது. சுவை, நிறம், மணம் எல்லாம் பார்த்தார்கள். நச்சுத்தன்மை பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டே அமெரிக்கா புதிய மருந்துச் சட்டம் கொண்டுவந்தது. அன்று நடந்ததை அறியாமை என்று சொல்லலாம். அதற்குப் பின் நடந்த எதையும் அப்படிச் சொல்ல முடியாது.

நம் சென்னையிலேயே 1970-களின் தொடக்கத்தில் குழந்தைகள் மருத்துவமனையில் 14 பிள்ளைகள் இதே விஷத்தால் இறந்தார்கள். 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்பட கிளிசரினால் 14 பேர். அதை விசாரிக்க நீதிபதி லென்டின் ஆணையம் அமைக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் வங்கதேசத்தில் பாராசிட்டமால் சிரப்பால் நூற்றுக்கணக்கான குழந்தைகள். 1998-இல் குர்கான், 2020-இல் ஜம்முவின் ராம்நகர். ஊரும் ஆண்டும் மாறுகின்றன, விஷம் மாறவில்லை.

2006-இல் பனாமாவில் நடந்தது தனியே சொல்லத்தக்கது. சீனாவிலிருந்து புறப்பட்ட பீப்பாய்கள் ஸ்பெயின் வழியாகப் பனாமாவுக்கு வந்தன. '99.5 சதவீதம் தூய கிளிசரின்' என்று கூடவே சான்றிதழும் வந்தது. மூன்று கண்டங்களில் மூன்று வணிக நிறுவனங்கள் கைமாற்றின. ஒவ்வொருவரும் சான்றிதழைப் பார்த்தார்கள். யாரும் பீப்பாயைத் திறந்து சோதிக்கவில்லை. கடைசியில் அந்நாட்டு அரசின் சொந்த ஆய்வகமே அதைக் கலந்து சளி மருந்து தயாரித்தது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் கிளிசரின் வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதில் இந்த விஷம் இருக்கிறதா என்று தானே சோதிக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்கா இறுக்கியது. காகிதத்தை நம்பாதே, பொருளைச் சோதி என்பதே அந்த விதியின் சாரம்.

காம்பியா, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான்

2022-இல் மூன்று நாடுகளில் ஒரே ஆண்டில் இது நிகழ்ந்தது. மூன்றுமே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் என்பதால் அன்று நம் மக்களிடையே பலவிதமான சதிக் கதைகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. உண்மை அதைவிட எளிமையானது, அதனாலேயே அதிகம் வலிப்பது.

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்தார்கள். ஹரியானா நிறுவனம் ஒன்று தயாரித்த நான்கு சிரப்புகள் குறித்து 2022 அக்டோபர் 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. காம்பியாவிடம் அப்போது மருந்துச் சோதனை ஆய்வகமே இல்லை. மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் உண்மையை அறிய முடிந்தது. வெளிநாட்டு ஆய்வகங்கள் விஷம் இருக்கிறது என்றன. நிறுவனத்தில் இருந்த மாதிரிகளைச் சோதித்த இந்திய அரசு ஆய்வகம் இல்லை என்றது. டிசம்பரில் இந்திய அதிகாரிகள் அதையே உலக சுகாதார நிறுவனத்துக்குக் கடிதமாக எழுதினார்கள். சிந்த்வாராவில் நாம் பார்த்த முரண்பாடு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அரங்கேறியிருந்தது.

இந்தோனேசியாவில் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள். அங்கே தொழிற்சாலைத் தரப் பொருளின் மேல் மருந்துத் தர லேபிளை ஒட்டி விற்றிருக்கிறார்கள். வாங்கிய மருந்து நிறுவனம் சோதிக்காமலே பயன்படுத்தியது. 2023 நவம்பரில் அதன் தலைமை அதிகாரிக்கு நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

உஸ்பெகிஸ்தானில் நொய்டா நிறுவனம் ஒன்றின் சிரப்பால் 68 குழந்தைகள். 2024 பிப்ரவரியில் 23 பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த வழக்கில் அரசுத் தரப்பு சொன்ன ஒரு விவரத்தை மறக்க முடியாது. இறக்குமதியான மருந்தைக் கட்டாயச் சோதனை இல்லாமல் உள்ளே விடுவதற்காக அதிகாரிகளுக்கு 33,000 டாலர் லஞ்சம் கொடுக்கப்பட்டதாம். அந்தச் சோதனை நடந்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

காம்பியாவில் ஆய்வகம் இல்லை. இந்தோனேசியாவில் ஆய்வகம் இருந்தும் வாங்கியவர் சோதிக்கவில்லை. உஸ்பெகிஸ்தானில் சோதனை விதி இருந்தும் அதை விலைக்கு வாங்கினார்கள். மூன்றும் வெவ்வேறு தவறுகள். மூன்றிலும் நடக்காமல் போனது ஒன்றுதான். அந்தச் சிறு குப்பியை யாரும் பீப்பாய்க்குப் பக்கத்தில் கொண்டுவரவில்லை.

ஏற்றுமதிக்கு ஒரு விதி, நமக்கு ஒரு விதி

இந்த அவமானத்துக்குப் பிறகு இந்திய அரசு ஒரு நடவடிக்கை எடுத்தது. 2023 ஜூன் 1 முதல் வெளிநாட்டுக்கு அனுப்பும் இருமல் சிரப்புகள் அரசு ஆய்வகங்களில் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றால்தான் கப்பலேற முடியும். வரவேற்க வேண்டிய விதி. ஆனால் உள்நாட்டில் விற்கும் சிரப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதாவது, காம்பியாவுக்குப் போகும் புட்டியை அரசு சோதிக்கும். சிந்த்வாராவுக்கும் சென்னைக்கும் போகும் புட்டியை நிறுவனமே சோதித்துக்கொள்ளும். 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் உள்நாட்டு மருந்துச் சோதனையில் ஓட்டை இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னது. அந்நியன் கேள்வி கேட்பான் என்ற பயம் இருக்கிறது. சொந்தக் குடிமகன் கேட்கமாட்டான் என்ற தைரியமும் இருக்கிறது.

நிறுவனங்கள் தாமே சோதித்துக்கொண்டனவா? அக்டோபர் 7-ஆம் தேதி இந்திய தலைமை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி மாநிலங்களுக்கு எழுதிய கடிதமே பதில். மூலப்பொருள்களையும் துணைப்பொருள்களையும் ஒவ்வொரு தொகுதியாகச் சோதிக்காமலே பல நிறுவனங்கள் மருந்து தயாரிப்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது என்று அதில் சொல்லப்பட்டது. அது ஏற்கெனவே சட்டம் விதித்த கடமை. இனியாவது செய்யுங்கள் என்று சட்டத்தை நினைவூட்டிக் கடிதம் எழுத வேண்டிய நிலை.

சுங்குவார்சத்திரம் தொழிற்கூடத்தில் நடந்த ஆய்வில் 350-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் பட்டியலிடப்பட்டன. மருந்துத் தரமற்ற புரொப்பிலீன் கிளைக்கால் வாங்கிப் பயன்படுத்தியதும் அவற்றில் ஒன்று. 350 குறைகள் ஒரே இரவில் முளைப்பதில்லை. அந்த நிறுவனத்துக்குத் தமிழ்நாடு அரசின் உரிமம் 2011-இலேயே கிடைத்துவிட்டது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் முறையாக ஆய்வு செய்யவில்லை என்று மூத்த மருந்து ஆய்வாளர்கள் இருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

அதே தமிழ்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பாராட்டத்தக்க ஒன்றையும் செய்தது. அக்டோபர் 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் கடிதம் கிடைத்ததும், ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி என்று அடுத்தடுத்து விடுமுறையாக இருந்தும், ஆய்வாளர்கள் தொழிற்கூடத்துக்குப் போய் மாதிரி எடுத்தார்கள். சென்னை அரசு ஆய்வகம் மறுநாளே முடிவு சொன்னது. அந்த வேகம் இல்லையென்றால் இன்னும் எத்தனை கரண்டிகள் ஊட்டப்பட்டிருக்குமோ.

ஆனால் அந்தப் பாராட்டுக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. எஸ்ஆர்-13 தொகுதி தயாரானது 2025 மே மாதம். விடுமுறை நாளில், ஒரே நாளில் முடிந்த அந்தச் சோதனை மே மாதத்தில் நடந்திருந்தால், அந்தப் புட்டிகள் தொழிற்கூடத்தின் வாசலையே தாண்டியிருக்காது. கருவி இல்லை, நேரம் இல்லை, அறிவு இல்லை என்று எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

சிறு நிறுவனங்களின் வாதம்

சிறு மருந்து நிறுவனங்கள் ஒரு வாதம் வைக்கின்றன. விதிகளை இறுக்கினால் செலவு தாங்காது, மூட வேண்டிவரும், மலிவு விலை மருந்து ஏழைக்குக் கிடைக்காமல் போகும் என்பது அது. திருத்தப்பட்ட உற்பத்தித் தர விதிகளைப் பின்பற்ற அவற்றுக்கு 2025 டிசம்பர் 31 வரை கால நீட்டிப்பும் தரப்பட்டது. இந்த வாதத்தை நாம் முற்றாகத் தள்ளிவிட முடியாது. மலிவு மருந்தால் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்.

ஆனால் எல்லா விதியும் ஒரே எடை அல்ல. புதிய கட்டடம், குளிரூட்டும் வசதி, நவீன இயந்திரம் ஆகியவற்றுக்கு அவகாசம் கேட்கலாம். பீப்பாயில் விஷம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவகாசம் கேட்க முடியாது. சொந்தக் கருவி இல்லாத நிறுவனம் அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. சிறு நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு பொது ஆய்வகம் நடத்தலாம். தொழிற்பேட்டைகளில் கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்த முடிகிறது என்றால் இது முடியாதா?

மலிவு என்ற பெயரில் ஏழைப் பிள்ளைக்கு மட்டும் சோதிக்காத மருந்து என்பது நியாயம் ஆகாது. இதுவரை இறந்தவர்கள் யார் என்று பாருங்கள். பராசியாவின் கூலித் தொழிலாளிகள், சிறு வியாபாரிகள், ஆட்டோ ஓட்டுபவர்களின் பிள்ளைகள். டயாலிசிஸுக்காக நாக்பூருக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, இருந்ததையெல்லாம் விற்றுச் செலவழித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பியவர்கள்.

மருத்துவரின் பொறுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. கோல்ட்ரிஃபில் இருந்த ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமைன் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருந்தது. அதை மீறி எழுதியவர்கள் அதற்குப் பதில் சொல்லட்டும். ஆனால் புட்டியில் விஷம் கலந்திருப்பதை எந்த மருத்துவராலும், எந்த மருந்துக் கடைக்காரராலும், எந்தத் தாயாலும் கண்டறிய முடியாது. கண்டறியும் இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில் இருந்தவர்களை விட்டுவிட்டுக் கடைசிக் கையைப் பிடிப்பதில் அர்த்தமில்லை.

நாம் செய்ய வேண்டியது

கோல்ட்ரிஃப் துயரத்துக்குப் பிறகு இந்திய ஃபார்மகோபியா ஆணையம் தன் தரநூலைத் திருத்தியிருக்கிறது. மூலப்பொருளில் மட்டுமின்றி, தயாரித்து முடித்த சிரப்பிலும் இந்த இரண்டு விஷங்களுக்கான சோதனை செய்ய வேண்டும் என்பது அந்தத் திருத்தம். நல்ல தொடக்கம். அது காகிதத்தில் நிற்காமல் இருக்க மூன்று கோரிக்கைகளை நாம் எழுப்ப வேண்டும். ஏற்றுமதிக்கு இருக்கும் அரசுச் சோதனை உள்நாட்டுக் குழந்தைகள் மருந்துக்கும் வர வேண்டும். ஒவ்வொரு தொகுதியின் சோதனை முடிவும் தொகுதி எண்ணைத் தட்டினால் யாரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். ஆய்வாளர் எத்தனை முறை ஒரு தொழிற்கூடத்துக்குப் போனார், என்ன கண்டார் என்ற விவரமும் பொதுவெளியில் இருக்க வேண்டும். நமது சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பள்ளிவாசல், கப்ருஸ்தான் விவகாரங்களைக் கொண்டுபோவது போல் இதையும் கொண்டுபோகலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குச் சளி, இருமல் மருந்துகள் பொதுவாகத் தேவையில்லை, இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் அறிவுறுத்தியிருக்கிறது. பெரும்பாலான இருமல் தானாகவே சரியாகும். போதுமான நீராகாரமும் ஓய்வும் போதும். மூத்த பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த மிச்ச சிரப்பை இளைய பிள்ளைக்கு ஊட்டாதீர்கள். சீட்டில்லாமல் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

மருந்து வாங்கினால் ரசீது கேளுங்கள். புட்டியையும் அட்டையையும் பிள்ளை குணமாகும் வரை தூக்கி எறியாதீர்கள். தொகுதி எண் அதில்தான் இருக்கிறது. மருந்து கொடுத்த பிறகு வாந்தி, வயிற்று வலி வந்தாலோ, முக்கியமாகப் பிள்ளை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ நின்றாலோ, ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அந்தப் புட்டிதான் ஆய்வகத்தின் மேசைக்குப் போக வேண்டிய சாட்சி. அதே நேரம், பயந்துபோய்ப் பிள்ளைக்கு மருத்துவர் எழுதிய மற்ற மருந்துகளையும் நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சலுக்கும் தொற்றுக்கும் மருந்து இல்லாமல் போவதும் உயிரைப் பறிக்கும்.

சிந்த்வாராவில் புதைத்தும் எரித்தும் முடித்த பிள்ளைகளுக்கு இனி எந்தச் சட்டத் திருத்தமும் பயன்படாது. அவர்களின் பெற்றோர் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தொழிற்கூடத்தில் ஒரு பீப்பாய் திறக்கப்படும்போது, ஒரு ஊழியர் அலமாரியிலிருந்து அந்தச் சிறு குப்பியை எடுத்து வந்து ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நாள் வேலை. அதைச் செய்யாமல் கையெழுத்து மட்டும் போட்டவர் யார் என்ற கேள்வியை, அடுத்த செய்தி வந்ததும் நாம் மறந்துவிடக் கூடாது.